ஆயாவுக்குத் தலைவலி இருந்ததா?

"உங்க அம்மாவோட அம்மாவுக்குத் தலைவலி இருந்ததா?"

அக்காவின் எம்.ஆர்.ஐ. படங்களை வெளிச்சப் பெட்டியில் செருகிவிட்டு நரம்பியல் மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. சங்க அக இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான். தலைவியின் நோயை யார் யார் எப்படிக் கண்டறிந்தார்கள் என்று இருபது ஆண்டுகளாக வகுப்பெடுப்பவள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆயா வைக்கும் கருவாட்டுக் குழம்பு தெரியும். எந்தக் காலில் மெட்டி தேய்ந்து போயிருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது. தலைவலி இருந்ததா?

உத்திரமேரூருக்குத் திரும்பும் பேருந்தில்தான் ஞாபகம் வந்தது. மாதத்தில் சில நாட்கள் ஆயா பழைய வேட்டித் துணியைக் கிழித்து நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டி, சுக்கை இழைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு, நெல் மூட்டை அடுக்கியிருந்த இருட்டறைக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக்கூடாது. "ஆயா கோவமா கீது" என்பார்கள். பத்து வயதுவரை அதை நான் கோபம் என்றே நம்பியிருந்தேன்.

அக்காவுக்கு வந்திருப்பது காடாசில் என்ற நோய். நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 1993இல் வைத்த பெயர் இது. மூளையின் மிகச் சிறிய ரத்தக் குழாய்களைத் தாக்கும் பரம்பரை நோய். 19ஆம் குரோமோசோமில் உள்ள நாட்ச்3 என்ற மரபணுவில் ஏற்படும் பிழைதான் காரணம். அந்தப் பிழையால் சிறு தமனிகளின் தசைச் சுவரில் ஒரு புரதம் சேர்ந்துகொண்டே போகிறது. சுவர் தடித்து, தசை நலிந்து, மூளையின் ஆழத்துக்கு ரத்தம் போவது குறைகிறது. நோயுள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, பெரும்பாலும் முப்பது வயதை ஒட்டி, முதல் அறிகுறியாக வருவது மைக்ரேன். அதுவும் தலைவலிக்கு முன்னால் கண்ணில் ஒளிக்கோடுகள் தெரிவது, கை மரத்துப்போவது, வாய் குழறுவது என்று முன்னறிவிப்போடு வரும் வகை. நாற்பத்தைந்து ஐம்பது வாக்கில் சிறு சிறு பக்கவாதங்கள். பிறகு நடை தளர்வு, மனச்சோர்வு, மறதி. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. ஆண் பெண் பேதம் கிடையாது.

தலைவலி உள்ள தோழிகள் இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். மைக்ரேன் நம் நாட்டில் கோடிக்கணக்கானவர்களுக்கு இருக்கிறது. ஆண்களைப்போல் இரண்டு மூன்று மடங்கு பெண்களுக்கு இருக்கிறது. அவர்களில் மிக மிகச் சிலருக்கே காடாசில். சாதாரண மைக்ரேன்காரர்களின் ஸ்கேனிலும் ஓரிரு வெள்ளைப் புள்ளிகள் தெரிவதுண்டு. என் கேள்வி வேறு. அந்த மிகச் சிலரைக் கண்டுபிடிக்க ஏன் இத்தனை ஆண்டுகள் ஆகின்றன? அக்காவுக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

அந்த ஆண்டுகளை ஒரு பிரதியாக வைத்து வாசித்துப் பார்க்கிறேன். இருபத்தைந்து வயதில் சொன்னார்கள்: கல்யாணமானால் சரியாகிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு: ஒரு குழந்தை பிறந்தால் போய்விடும். இரண்டு பிறந்த பிறகு: கண்ணாடி போடு, சைனஸாக இருக்கும், கடைவாய்ப் பல்லைப் பிடுங்கு, டென்ஷனைக் குறை. நாற்பதுக்கு மேல்: தூரம் நிற்கிற வயசு, நின்றால் சரியாகிவிடும். ஒரு பெண்ணின் ஆயுள் முழுவதையும் தவணை தவணையாகப் பிரித்து, ஒவ்வொரு தவணையிலும் வலியை அடுத்த தவணைக்குத் தள்ளிவிடும் அட்டவணை இது. இதைச் சொன்னவர்களில் மருத்துவர்கள் உண்டு; அம்மாவும் உண்டு, நானும் உண்டு. நாற்பத்தைந்தாவது வயதில் அக்காவின் வலது கையிலிருந்து சோற்றுக் கரண்டி நழுவி விழுந்தது. ரத்த அழுத்தம் இல்லை, சர்க்கரை இல்லை. ஸ்கேனில் மூளை நிறைய வெள்ளை. நரம்பு உறை சிதையும் வேறொரு நோய் என்று எண்ணி ஓராண்டு அதற்கு மருந்து கொடுத்தார்கள். காடாசிலை மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்று நினைத்துவிடுவது உலகெங்கும் நடக்கிற பிழைதான். இரண்டிலும் வெள்ளைப் புள்ளிகள் உண்டு. ஆனால் காடாசிலில் அவை நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளை மடலின் முன்நுனியில் விழும். அந்த இடம் ஒரு பெரிய துப்பு. இன்னொரு பெரிய துப்பு, ஆயா.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் பெண் மருத்துவர் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஓர் ஆண் அவர்.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். வெறியாட்டுப் பாடல்களை எனக்கு முன்னும் பலர் எழுதித் தீர்த்துவிட்டார்கள். மகள் மெலிகிறாள், வெளுக்கிறாள், உண்பதில்லை, உறங்குவதில்லை. தாய் கட்டுவிச்சியிடம் குறி கேட்கிறாள். கழங்கைப் போட்டுப் பார்க்கிறார்கள். முருகன் அணங்கினான் என்று முடிவாகிறது. வேலன் வந்து ஆடுகிறான், மறியை அறுக்கிறான். தலைவியின் உண்மையான நோய் மலைநாடனால் வந்த காதல் என்பது தோழிக்குத் தெரியும், நமக்கும் தெரியும். நோய் இன்னதென்று தெரிந்தும் அழைத்ததற்காக வந்து நிற்கும் முருகனை, கடவுளானாலும் அறிவில்லாதவன் என்று தோழி ஏசுகிற நற்றிணைப் பாடலைச் சொல்லும்போது வகுப்பு எப்போதும் சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். தவறான நோயறிதலைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்ட பழைய கேலிகளுள் ஒன்று இது.

அக்காவோடு மருத்துவமனைகளில் உட்கார்ந்திருந்த காலத்தில் இந்தப் பாடல்கள் எனக்கு வேறு மாதிரி ஆயின. வெறி பாடியதாலேயே பெயர் பெற்ற ஒரு பெண் புலவர் உண்டு, வெறிபாடிய காமக்கண்ணியார். அகநானூற்றில் உள்ள அவர் பாடலில் வேலன் ஆடுகிறான், அதே இரவில் தலைவன் காவலைக் கடந்து வந்து சேருகிறான், நோய் தணிகிறது, தலைவி சிரித்துக்கொள்கிறாள். தீர்த்தவன் ஒருவன், பெயர் இன்னொருவனுக்கு. மைக்ரேன் உள்ள வீடுகளுக்கு இது நன்றாகப் பழகிய கதை. மைக்ரேன் வலி சில மணி நேரத்தில், மிஞ்சினால் மூன்று நாளில், தானாகவே அடங்கும். அடங்கும் நேரத்தில் யார் அருகில் இருக்கிறாரோ அவருக்கே பெயர். எங்கள் வீட்டில் அது ஒரு சமயம் மந்திரித்த கயிறு, ஒரு சமயம் தைலம், ஒரு சமயம் ஊசி. ஒவ்வொன்றும் "பலித்தது". அதனாலேயே அடுத்த கேள்வியை யாரும் கேட்கவில்லை.

காமக்கண்ணியாரைப் பாராட்டிவிட்டு நின்றிருப்பேன். ஆனால் அக மரபின்மீதே எனக்கு ஒரு மனத்தாங்கல் வந்துவிட்டது. அகத்தில் பெண்ணுக்கு உடல்நோயே கிடையாது. அவள் மெலிந்தால் காதல். வெளுத்தால் பசலை. தூங்காவிட்டால் பிரிவு. வளை கழன்றால் தலைவன் வரவில்லை. நோய் என்ற சொல்லுக்கே அகத்தில் அதுதான் பொருள்; உரைகாரர்களும் வழிவழியாக அப்படியே எழுதினார்கள். வேலனின் விடை தப்பு என்று சிரிக்கிறோம். நாம் வைத்திருக்கும் விடையும் முன்கூட்டியே எழுதி வைத்ததுதானே? அந்தப் பெண்களில் ஒருத்திக்கு ரத்தசோகை இருந்திருக்கலாம், ஒருத்திக்குக் காசம் இருந்திருக்கலாம் என்று நினைத்துப் பார்க்கக்கூட மரபு இடம் தரவில்லை. இலக்கிய மரபை மருத்துவக் குறிப்பாக வாசிக்கலாமா என்று என் நெறியாளர் இருந்தால் கேட்பார். வாசிக்கக்கூடாதுதான். ஆனால் பெண்ணின் உடல் சொல்வதையெல்லாம் மனத்தின் கதையாக மாற்றிக் கேட்கும் காது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கலாம். "டென்ஷன்தாம்மா" என்ற மருத்துவரின் குரலில் எனக்குப் பழைய உரையாசிரியரின் குரல் கேட்கிறது.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தையும் எடுத்துப் பார்த்தேன். நோயுற்றவன், தீர்ப்பான், உழைச்செல்வான்: மூவரும் ஆண்பால். உழைச்செல்வான் என்றால் அருகிலிருந்து பார்த்துக்கொள்பவன். எந்த அரசு மருத்துவமனையின் வார்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று.

அக மரபில் எனக்கு இன்னும் உதவும் ஒன்று உண்டென்றால் அது அறத்தொடு நிற்றல். தலைவி தோழிக்குச் சொல்வாள், தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தன்னையருக்கும். உண்மைக் காரணம் பெண்களின் வாய்வழியே படிப்படியாக வெளியே வருகிறது. மருத்துவர் என்னிடம் கேட்ட குடும்ப வரலாறு இப்படித்தான் கிடைத்தாக வேண்டும், வேறு வழி இல்லை. அந்தச் சங்கிலியில் முதல் கண்ணியே எங்கள் வீட்டில் அறுந்திருந்தது.

அறுந்திருந்தது என்பதும் சரியில்லை. அம்மா சொல்லியிருக்கிறாள். அவள் பிறந்தது தறி ஓடும் வீடு. சின்ன வயதில் ராட்டையில் தார் சுற்றியவள். தலைவலி வருவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று எங்களிடம் அடிக்கடி சொல்லுவாள்: "கண்ணு ஓரத்துல தாழம்பூ ரேக்கு ஒண்ணு மொளைக்குது. மினுக்கு மினுக்குன்னு வளந்துனே வருது. நடுவுல ஒண்ணும் தெரியல." காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் கரையில் வாள்பல் மாதிரி ஏறி இறங்கும் கோர்வையைத்தான் தாழம்பூ ரேக்கு என்பார்கள். அம்மாவுக்கு அரைக்கால் மணி நேரம் அந்தக் கரை ஓடும்; பிறகு இடது கை மரத்துப்போகும்; பிறகு வலி. நாங்கள் அதை அம்மாவின் பேச்சழகு என்று ரசித்தோம். என் முதல் தொகுப்பில் அந்த உவமையைத் திருடிக் கவிதைகூட எழுதிவிட்டேன். நோயை உவமையாக்கிய குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

இதே காட்சியை 1870இல் ஹூபர்ட் ஏரி என்ற ஆங்கில மருத்துவர் தன் கண்ணில் கண்டபடி வரைந்து, அதற்குக் கிரேக்கச் சொற்களால் ஒரு பெயரும் வைத்தார். ஊர் மதில்போலத் தெரிவது என்று அதன் பொருள். கொத்தளங்கள் துருத்தி நிற்கும் ஐரோப்பியக் கோட்டையின் சுவரை மேலிருந்து பார்த்தால் இப்படித்தான் தெரியுமாம். அவருக்குக் கோட்டை தெரிந்தது, அம்மாவுக்குச் சேலைக்கரை தெரிந்தது. இரண்டும் துல்லியமான வருணனைகள். கோட்டை மருத்துவப் புத்தகத்துக்குள் போனது. அம்மாவின் சீட்டில் அந்த இடத்தில் எழுதியிருந்தது ஒரே சொல்: கிடினஸ். தலைச்சுற்றல்.

வர்ஜீனியா வுல்ஃப் 1926இல் நோயுற்றிருத்தல் பற்றி எழுதிய கட்டுரையில், ஆங்கிலத்தில் தலைவலியைச் சொல்ல வார்த்தை இல்லை என்று வருத்தப்படுகிறார். நமக்கு அந்தக் குறை இல்லை. மண்டையிடி, ஒத்தத் தலைவலி, பொட்டு தெறிக்குது, விண்ணு விண்ணுங்குது, கண்ணுல பூச்சி பறக்குது, ஆணி அடிக்குது, பொளந்துகினு போகுது. ஒவ்வொன்றும் வெவ்வேறு வலி. இந்தச் சொற்களைச் சொன்னவர்கள் இருந்தார்கள். எழுதிக்கொள்ளத்தான் யாரும் இல்லை. 'தலைவலி' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைத்து, அதையும் வேலைக்குச் சாக்கு என்று மாற்றிக்கொண்டோம். தொந்தரவு தரும் ஆளையும் தலைவலி என்கிறோம். எந்த நோயாளிக்கும் இப்படி ஒரு பேர் வாய்க்கவில்லை.

காடாசில் கண்டுபிடிக்கப்பட்ட கதையிலும் பெண்கள் உண்டு. 1955இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் போகார்ட் என்ற நரம்பியலாளர், மூளையின் உட்பகுதி வேகமாகச் சிதைந்துபோன இரண்டு பெண்களைப் பற்றி எழுதினார். இருவரும் அக்கா தங்கை. இந்த நோயின் முதல் பதிவு அதுவாக இருக்கலாம் என்று இன்று பலர் கருதுகிறார்கள். அவர் அதற்குக் கொடுத்த பெயர் ஏற்கெனவே இருந்த ஒரு நோயின் பெயர். அந்த நோயோ ஓர் ஆண் மருத்துவரின் பெயரைத் தாங்கியது. சகோதரிகள் வெறும் 'இரு சகோதரிகள்'.

1976இல் பாரிஸில் மாரி ஜெர்மேன் பூசே என்ற மருத்துவரிடம் ஒரு நோயாளி வந்தார். ரத்த அழுத்தம் இல்லை, ஆனால் மூளைக்குள் சின்னச் சின்ன அடைப்புகள். பூசே ஆளோடு நிற்காமல் குடும்பத்தைத் தேடிப் போனார். எலிசபெத் தூர்னியே-லாசெர்வ் மரபணுப் பக்கம் சேர்ந்துகொண்டார். எம்.ஆர்.ஐ. வந்த பிறகு, அறிகுறியே இல்லாத உறவினர் சிலருக்கும் அதே வெள்ளைத் திட்டுகள் இருப்பது தெரிந்தது. 1991இல் அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கட்டுரை வந்தது. 1993இல் நோய்க்கான பிழை எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று கண்டார்கள். 1996இல் ஆன் ஜூதெல் முதலானோர் மரபணுவையே கண்டுபிடித்தார்கள். 2019ஆம் ஆண்டு பிரெயின் பரிசு இந்த வேலைக்காக நால்வருக்கு வழங்கப்பட்டது. அதில் மூவர் மேலே சொன்ன பெண்கள். நான்காமவர் ஊக் ஷப்ரியா. பெண்கள் என்பதால் கண்டுபிடித்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன், அது அவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதாகும். ஆனால் அவர்கள் செய்தது என்ன? ஒரு நோயாளியின் பின்னால் இருந்த அத்தனை உறவுகளையும், புகார் சொல்லாதவர்களையும்கூட, ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டார்கள். இருபது ஆண்டுகள் கேட்டார்கள்.

அவர்களைப் போன்றோர் பின்னால் கண்ட ஒரு விஷயத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ஐம்பது வயதுக்கு முன்னால் இந்த நோய் பெண்களிடம் மைக்ரேனாகக் கூடுதலாக வெளிப்படுகிறது. ஆண்களிடம் பக்கவாதமாகக் கூடுதலாக வெளிப்படுகிறது. எங்கள் வீட்டில் அப்படியே நடந்திருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, நாற்பத்தெட்டு வயதில் ஒரு பக்கம் விழுந்தார். பாரிசவாயு என்று ஊரே கூடியது. பெரிய டாக்டரிடம் கார் வைத்துக் கூட்டிப்போனார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், குடிதான் காரணம் என்று முடிவு செய்தார்கள். மாமா குடித்தவர்தான். ஆனால் அதே மரபணு அம்மாவின் தலைக்குள் இருந்தபோது அது தலைவலி. ஆயாவின் தலைக்குள் இருந்தபோது கோபம். ஒரே நோய். ஆணுடலில் சம்பவமாக ஆயிற்று, பெண்ணுடலில் சுபாவமாக ஆயிற்று. இரண்டையும் ஒரே தாளில் அருகருகே எழுதிப் பார்த்திருந்தால் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே யாருக்காவது உறைத்திருக்கும்.

உறவை அருகருகே எழுதும் கலை எங்கள் ஊருக்குத் தெரியாததல்ல. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்க ஒவ்வோர் ஆண்டும் மாணவிகளை அழைத்துப்போகிறேன். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள். முப்பது குடும்புகள், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, நிலம், சொந்த மனை, வேதக் கல்வி என்று தகுதிகள். எல்லோரும் இதைச் சொல்லி ஜனநாயகத்தின் தொட்டில் என்று பெருமைப்படுவார்கள். எனக்குப் பிடித்தது தகுதியின்மைப் பட்டியல். கணக்குக் காட்டாதவனுடைய பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவனோடு சேர்ந்து அவனுடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு பிறந்தவன், தகப்பனோடு பிறந்தவன், மனைவியோடு பிறந்தவன், உடன்பிறந்தாளை மணந்தவன், அவள் மக்கள், மகளை மணந்தவன் என்று வரிசை போகிறது. இன்றைய மரபியல் மருத்துவர் வரையும் குடும்ப மரம்போல அவ்வளவு நுணுக்கம்! சிற்றன்னை, அத்தை, உடன்பிறந்தாள், மகள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். ஆனால் ஒரு ஆணிலிருந்து இன்னொரு ஆணுக்குப் போகும் பாதையாக மட்டும் இருக்கிறார்கள். போன ஆண்டு ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், இதுல லேடீஸ் பேரு எங்க போடுவாங்க?" சபைக்கு உரிய கல்வெட்டு, அதுவும் பிராமண சபை, பெண்கள் மட்டுமல்ல ஊரில் பெரும்பாலோர் அதில் இல்லை என்று விளக்கினேன். விளக்கம் சரிதான். அதே விதமான மரத்தை மருத்துவர் என்னை வரையச் சொன்னபோது, அப்பா பக்கம் நான்கு தலைமுறை ஆண்களின் பெயர் கடகடவென்று வந்தது. அம்மா பக்கம் ஆயாவோடு நின்றது. ஆயாவின் அம்மாவுக்குப் பெயரே கிடைக்கவில்லை.

பிறகு விசாரிக்கப் போனேன். அம்மாவின் ஊரில் எண்பது தாண்டிய ஒரு பெரியம்மா இருக்கிறார். "எங்க அம்மாவுக்கா? மூணாவது பிள்ளை பெத்தப்போ ஜன்னி வந்துச்சி. நாலு நாளு ஆளு யாருன்னே தெரியல. வாய் கோணிக்கிச்சி. பேய் புட்ச்சிச்சின்னு வேப்பிலை அடிச்சாங்க. அப்பறம் தானா தெளிஞ்சிடுச்சி." தானாகத் தெளிந்தது! வேப்பிலைக்குப் பேர். பின்லாந்தில் இந்த நோயுள்ள தாய்மார்களை ஆராய்ந்தபோது, கர்ப்ப காலத்திலும் பேறுகாலத்தை ஒட்டியும் நரம்பியல் அறிகுறிகள் முதன்முதலாகத் தலைகாட்டியவர்கள் பலர் இருந்தார்கள். ஆயாவுக்கு வந்தது அதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. பேறுகால ஜன்னிக்கு வேறு பத்துக் காரணங்கள் உண்டு. ஆனால் 'பேய் பிடித்தது' என்ற கதை ஒரு மருத்துவத் தகவல் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. பகுத்தறிவு பேசும் நாங்கள் அந்தக் கதைகளைக் கேட்கவே மறுத்தோம். நம்பியவர்களோ அதைத் தாண்டிக் கேட்கவில்லை.

இங்கே மாணவிகளுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், கட்டுரையின் போக்குக்கு வெளியே நின்றாலும். தலைவலிக்கு முன் கண்ணில் ஒளிக்கோடு தெரிகிற வகை மைக்ரேன் உள்ள பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பக்கவாத ஆபத்து கூடும். இது காடாசில்காரர்களுக்கு மட்டுமல்ல, அந்த வகை மைக்ரேன் உள்ள அனைவருக்கும், எந்த வயதிலும். அரசு இலவசமாகத் தரும் மாலா-என் அந்த வகைக் கூட்டு மாத்திரைதான். தரும்போது "கண்ணில் ரேக்கு ஓடுமா" என்று கேட்டால் போதும். கேட்கவில்லையென்றால் நாமே சொல்ல வேண்டும்.

இனி, பழி. நோய் பரம்பரை என்று தெரிந்த அன்றே எங்கள் வீட்டில் இரண்டு பேச்சு எழுந்தது. ஒன்று, "சொந்தத்துல கட்டினதால வந்தது". தவறு. ஒரு பிரதி பிழையானாலே போதும் என்கிற வகை நோய் இது. அத்தை மகனைக் கட்டினாலும் அடுத்த கண்டத்துக்காரனைக் கட்டினாலும் வாய்ப்பு அதே சரிபாதி. இன்னொன்று, "அம்மா வழியில வந்தது". எங்கள் வீட்டில் அது உண்மைதான். ஆனால் அந்த வாக்கியத்தில் 'வழி' என்ற சொல் எப்படிக் குற்றச்சாட்டாக ஒலிக்கிறது பாருங்கள். கொடுப்பதற்கு எதுவுமே இல்லாதவள் என்று கருதப்பட்ட அம்மாவின் பரம்பரை, நோய் என்றதும் திடீரென்று சொத்துள்ள பரம்பரை ஆகிவிட்டது. மாமா பிள்ளைகளுக்கு அதே நோய் வந்தால் அது 'அப்பா வழி' என்று யாரும் சொல்லப்போவதில்லை.

இது அபூர்வ நோய் என்றே எழுதிவந்தார்கள். 2016இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் பொதுவான மரபணுத் தொகுப்புகளைத் தேடியபோது இந்த மரபணுவின் பிழை ஆயிரத்தில் மூன்று பேருக்கு மேல் இருந்தது. தெற்காசியரிடம் அதைவிடக் கூடுதலாக இருந்தது. பிழை உள்ள எல்லோருக்கும் நோய் கடுமையாக வருவதில்லை, பலருக்கு முதுமைவரை தெரியாமலே போகலாம். அப்படியானால் நம் ஊர்களின் இருட்டறைகளில் நெற்றிக்கட்டோடு உட்கார்ந்திருந்த ஆயாக்களைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம்.

குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது, புகையை விடுவது, மைக்ரேனுக்கு ஏற்ற மருந்து, பக்கவாதம் வந்தால் பயிற்சி. அப்படியென்றால் கண்டுபிடித்து என்ன லாபம் என்று என் கணவர் கேட்டார். அக்காவிடம் அதையே கேட்டேன். அவளுக்கு இப்போது பேச்சு மெதுவாகத்தான் வரும். "நான் சோம்பேறி இல்லன்னு தெரிஞ்சிதே" என்றாள்.

எனக்கும் மாதத்தில் இரண்டு நாள் தலைவலி உண்டு. ரேக்கு எதுவும் இதுவரை ஓடியதில்லை. சாதாரண மைக்ரேனாக இருக்கலாம். சரிபாதி வாய்ப்பு என்பது நாணயத்தைச் சுண்டுவதுபோலத்தான். நாணயம் நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே விழுந்துவிட்டது, நான்தான் கையை எடுத்துப் பார்க்கவில்லை. அறிகுறி இல்லாதவருக்கு ஆலோசனை இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்வதில்லை. சிறுவர்களுக்குச் செய்வதே இல்லை. தெரிந்துகொள்ளும் உரிமைபோலவே தெரியாமலிருக்கும் உரிமையும் உண்டு என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அக்கா மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். அவள் சோதனை செய்துகொள்ள விரும்புகிறாள், வீடு வேண்டாம் என்கிறது. இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று அவளைத் தவிர எல்லோருக்கும் கருத்து இருக்கிறது. மாமா மகனுக்குப் போன தையில் கல்யாணம் நடந்தது. அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவள் என்னிடம்தான் வந்து பேசுகிறாள். நான் ஆலோசனை சொல்வதில்லை. அவள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறேன். முதல் பக்கத்தில் ஆயாவின் நெற்றிக்கட்டு, அடுத்ததில் ஜன்னி, அதற்கடுத்து அம்மாவின் தாழம்பூ ரேக்கு எந்தக் கண்ணில் தொடங்கியது, எவ்வளவு நேரம் ஓடியது என்று அக்காவுக்கு நினைவிருக்கும் வரையில். ஆயாவின் அம்மா பெயரை விசாரிக்க இந்த வாரம் மறுபடி பெரியம்மாவிடம் போகவேண்டும். சுவர் ஓரமாக உட்கார்ந்து யோசித்து, "அலமேலுவோ, அலர்மேலோ, என்னமோ" என்று போன முறை சொல்லியிருந்தார்.